செங்கோட்டைக் கதை

"டீச்சர், நேத்து பிள்ளையளுக்கு என்ன கதை சொன்னிய?"

சங்கரன்கோவில் பள்ளி வாசலில் மாணவி ஹரிணியின் அம்மா வழிமறித்ததும், சமூக அறிவியல் ஆசிரியை ஜெயசித்ரா பதறி விளக்கினார்.

"எல்லை மாறின கதைங்க. 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலதான் இருந்துச்சுன்னு..."

"அதைக் கேட்டுட்டு வந்து ஹரிணி என் மாமியாகிட்ட, 'ஆச்சி, நீ செங்கோட்டையில பொறந்தது அதுக்கு முன்னாடிதான? அப்ப நீ மலையாளத்துக்காரியா?'ன்னுட்டா. அவிய ராத்திரி சாப்பிடவேயில்ல."

"மன்னிச்சிருங்கம்மா, நான் வேணும்னா வீட்டுக்கு வந்து..."

"நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கிய? நான் கேரளத்துப் புனலூர்க்காரி டீச்சர். கல்யாணமான நாள்லருந்து மாமியா என்னை 'மலையாளத்துக்காரி'ன்னுதான் ஏசுவாவ. எங்கூரு வழக்கத்துல நான் போடுத பாலில்லாத கட்டஞ்சாயாவைத் தொடவே மாட்டாவ. இன்னைக்குக் காலையில அவியளே அடுப்படிக்கு வந்து, 'ஏட்டி, எனக்கும் ஒரு கட்டஞ்சாயா போடு'ன்னுட்டாவ!"