காலைப் பார்க்காத ஊர்

“சப்பாத்து எங்கை?”

டோர்வல் விமான நிலையத்தில் மைத்துனனைக் கண்டதும் கிருபானந்தன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வெளியே தொண்ணூற்றெட்டாம் ஆண்டு நவம்பர். தெருவெல்லாம் பனிச்சேறு. சிட்னியிலிருந்து வந்து இறங்கிய பேரின்பநாதன் முழங்கால் தெரியக் காற்சட்டையும், பூப்போட்ட சேர்ட்டும் போட்டிருந்தான். காலில் தடித்த வெள்ளைக் காலுறை, அதன்மேல் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. யாழ்ப்பாணத்தில் கிணற்றடிக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே பாட்டா.

“எங்கட ஊரில இதுதான் சப்பாத்து, அத்தான். கடைக்கும் இதுதான், வங்கிக்கும் இதுதான். வெள்ளைக்காரனே இதோடதான் திரியிறான். அங்கை ஒருத்தரும் ஒருத்தற்ற காலைப் பார்க்கிறேல்லை.”

“இது மொன்ட்ரியால். இஞ்சை ஆக்கள் பார்ப்பினம்.”

கிருபானந்தனின் மனைவி ஜெகதீஸ்வரி, கொண்டுவந்திருந்த குளிர்ச்சட்டையைத் தம்பியின் தோளில் போர்த்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சாம்பவிக்குக் கலியாணம். மாமாதான் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டுமென்று அவள் அடம்பிடித்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் டொக்டர்மார். கிருபானந்தனின் பயமெல்லாம் அந்தப் பாட்டாவைப் பற்றித்தான்.

மறுநாளே அதன் வார் அறுந்துபோனது. பேரின்பம் கோட்-டெ-நெய்ஜில் ஒரு கடைக்குப் போய், சிட்னியில் ரப்பர் செருப்புக்குச் சொல்கிற பெயரைச் சொல்லி, “தோங்ஸ் இருக்கோ?” என்று கேட்டிருக்கிறான். கடைக்காரப் பெண் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெண்களின் உள்ளாடைப் பக்கம் கூட்டிப்போனாள். நூல் மாதிரி ஒன்றைத் தூக்கிக் காட்டி, என்ன அளவு என்றும் கேட்டாளாம்.

பக்கத்து வீட்டு நல்லம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

“ஐயோ தம்பி! வாங்கியிருந்தால் அதை எந்தக் காலில போடுறது?”

பேரின்பமும் சிரித்தான். கிருபானந்தன் சிரிக்கவில்லை.

“இனி ஊர் முழுக்க இதுதான் கதை. நல்லம்மா, எண்பத்தாறில ஆமி என்னைத் தேடித் திரியேக்கை, கொழும்பில ஒளிச்சிருந்து வெளிக்கிட்டவன் நான். எந்த வீட்டில இருந்தனான் எண்டு ஒரு குருவிக்கும் தெரியாது. அண்டைக்கும் மினுக்கின சப்பாத்தோடதான் பிளேன் ஏறினனான். மனுசனுக்கு ஒரு மரியாதை வேணும்.”

இந்தக் கதையை அவர் சொல்லாத விருந்து மொன்ட்ரியாலில் இல்லை.

“நீங்கள் கெட்டிக்காரன் அண்ணை,” என்றாள் நல்லம்மா.

ஜெகதீஸ்வரி எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் கிருபானந்தன் ஒரு பெட்டியை மைத்துனனுக்கு முன்னால் வைத்தார். கறுப்புத் தோல் சப்பாத்து.

“இதைப் போட்டால் நாளைக்கு மண்டபத்துக்கு வா. இல்லாட்டி வீட்டில நில். பிள்ளையை வேற ஆரும் கூட்டிக்கொண்டு வரட்டும்.”

“இஞ்சாருங்கோ…” என்று ஜெகதீஸ்வரி தொடங்கினாள்.

பேரின்பம் தமக்கையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“வடிவான சப்பாத்து, அத்தான். போடுறன்.”

மொன்ட்ரியால்-நோர் மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கியது. சாம்பவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேரின்பம் நடந்து வந்தான். ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று.

“ஏன் மாமா இவ்வளவு மெதுவா?”

“உன்னைக் குடுக்க மனமில்லை, பிள்ளை.”

மணவறையில் நின்ற கிருபானந்தன் பளபளத்த அந்தச் சப்பாத்தைப் பார்த்து மனைவியின் பக்கம் சாய்ந்தார். “இப்பதான் மனுசன் மாதிரி இருக்கிறான்.”

மணவறைப் படியருகில் ஐயர் கையைக் காட்டினார். “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ.”

பேரின்பம் நின்றுவிட்டான்.

“நான் கீழை நிக்கிறன், ஐயா. பிள்ளை ஏறட்டும்.”

“தாய்மாமன் இல்லாமலோ? கெதியா ஏறுங்கோ, முகூர்த்தம் போகுது.”

அவன் அசையவில்லை. வெறுங்காலோடு நின்ற கிருபானந்தன் விறுவிறென்று இறங்கி வந்தார்.

“போடச் சொன்னாலும் பிரச்சினை, கழட்டச் சொன்னாலும் பிரச்சினை. உன்ர அவுஸ்திரேலியா ஸ்டைலை இஞ்சை காட்டாதை!”

பல்லைக் கடித்தபடி குனிந்தார். நாடாவைத் தானே அவிழ்த்துச் சப்பாத்தைப் பிடித்து இழுத்தார்.

வெள்ளைக் காலுறையும் சேர்ந்து கழன்று வந்தது. அது சிவப்பாய் நனைந்திருந்தது. உள்ளே இருந்தது சப்பாத்துக்கு அடங்குகிற கால் இல்லை. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நகங்கள் இல்லை. எலும்புகள் எப்போதோ உடைந்து, கோணலாகவே பொருந்தி, முடிச்சு முடிச்சாய்த் துருத்திக்கொண்டிருந்தன.

வீடியோக்காரனின் வெளிச்சம் கிட்ட வந்தது.

“இதென்னடா?”

“பழங்காயம் அத்தான். எழும்புங்கோ, ஆக்கள் பார்க்கினம்.”

கிருபானந்தன் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரி இறங்கி வந்து அவர் காதருகே குனிந்தாள்.

“ஒரு குருவிக்கும் தெரியாது எண்டு சொல்லுவியள். இவனுக்குத் தெரியும், நீங்கள் கொழும்பில எந்த வீட்டில எண்டு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆமிக் காம்பில இந்தக் காலில அடிச்சவங்கள். அவன் சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லக் கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன்.”