கோட்டில் வெள்ளைத் தூள்

“சத்தமே வரக்கூடாது ஹாஜி. அவங்களுக்குத் தூக்கம் ரொம்ப லேசு. கிர்ருன்னு ஒரு சத்தம் கேட்டாக்கூட முழிச்சுக்குவாங்க.”

புருஷன் ஈராஜின் குரலைக் கேட்டதும், கடையின் ஹீட்டர் பெட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்த பர்வானே தலைத்துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ‘அவங்களாம், அவங்க. மரியாதை வேறயா!’

குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே அவளுக்கு நிம்மதி இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ஈராஜ் டயர் கடையை மத்தியானமே சாத்திவிட்டு எங்கேயோ போய்வந்தான். திரும்பும்போது கறுப்புக் கோட்டின் தோளில் வெள்ளையாகத் தூள் படிந்திருக்கும். கேட்டால், “கடைத் தூசி” என்பான். டயர் தூசி எந்த ஊரில் வெள்ளையாக இருக்கிறது? எவளோ ஒருத்தியின் முகப்பவுடர்தான் என்று அவள் முடிவு கட்டி, இன்றைக்குப் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“போன மாசம் காத்த ஈரமாக்க வாங்கிட்டுப் போன ஹியூமிடிஃபையர் என்னாச்சு தம்பி?” என்றார் கடைக்காரர்.

“அறை பூரா வெள்ளையாத் தூவுது ஹாஜி. அலமாரி, போர்வை, மாட்டி வெச்ச என் கோட்டு, எல்லாத்துலயும் படியுது.”

“குழாய்த் தண்ணி ஊத்துனீங்களா?”

“வேற என்னத்த ஊத்துறது?”

“நம்ம கெர்மான் ஊர்த் தண்ணி பாதி சுண்ணாம்பாச்சே! அந்த மிஷின் தண்ணிய அதிரவெச்சுப் புகையா விடும். சுண்ணாம்பும் கூடவே பறந்து வரும். காய்ச்சி வடிச்ச தண்ணியத்தான் ஊத்தணும்.”

அப்படியானால் அது பவுடர் இல்லை. பர்வானேக்கு மூச்சு திரும்பியது. மறு விநாடியே அடைத்தது. கோட்டைக் கழற்றி மாட்டி வைக்கிற அளவுக்கு அது யாருடைய அறை?

“தினம் அந்தத் தண்ணியக் கொண்டுபோய்க் குடுக்க முடியாது ஹாஜி. எனக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் போக முடியுது.”

“அப்ப இந்தத் திரி வெச்சத எடுத்துக்கங்க. ஈரத் திரி வழியா காத்து வரும், சுண்ணாம்பு திரியிலயே தங்கிடும். காத்தாடி சத்தம் மட்டும் லேசா இருக்கும். சத்தமா, தூளான்னு நீங்கதான் சொல்லணும்.”

“தூள்தான் வேணாம். அவங்க நெஞ்சுக்கு ஆகல. ஹீட்டரப் போட்டாத் தொண்டை காஞ்சு இருமுறாங்க, அணைச்சாக் குளிருது.”

“ரொம்பவும் ஓட விட்ராதீங்க, சுவத்துல பூஞ்சை பூத்துரும். தண்ணிய தினம் மாத்தணும். வாரம் ஒருதரம் வினிகர் ஊத்தி ஊறவெச்சுக் கழுவணும், இல்லேன்னா பாசி பிடிச்ச காத்தத்தான் இழுப்பாங்க. ஓட்டுறதுக்கு முன்னாடியே ஒருதரம் கழுவிருங்க. அவங்க செய்வாங்களா?”

“அவங்களா? சொன்னா எங்க கேக்கறாங்க, அவ்வளவு பிடிவாதம். தண்ணி மாத்த பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கேன். கழுவுறது நான்தான்.”

பர்வானேயின் காதில் சூடேறியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கழுவியவனில்லை இவன்!

“எதுக்கும் உங்க வீட்டம்மாவ ஒருதரம் கூட்டிட்டு வந்து காட்டுங்களேன்.”

“ஐயோ ஹாஜி! அவளுக்குத் தெரியவே கூடாது. அவங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

ஈராஜ் பெட்டியைச் சுமந்துகொண்டு வாடகைக் காரில் ஏறினான். அவள் அடுத்த காரை மறித்து ஏறி, “முன்னாடி போற வெள்ளை வண்டிய விட்டுராதீங்கண்ணே” என்றாள். ஊருக்குத் தெற்கே ஒரு ஒடுக்கமான சந்து வரை அந்த வண்டி போயிற்று. ஈராஜ் தன்னிடமிருந்த சாவியால் வாசலைத் திறந்து மாடிப்படி ஏறியதை அவள் சந்து முனையிலிருந்து பார்த்தாள்.

சாவி வேறு!

குளிரில் நின்றபடி கையைப் பிசைந்தாள். இவனை விட்டுவிட்டு எங்கே போவது? இவனுக்காகத்தான் அவள் அப்பாவையே இழந்தாள். பிஸ்தாத் தோட்டக்காரரான அவர் கல்யாணத்துக்கு வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஒரு டயர்க் கடைக்காரன மாப்பிள்ளைன்னு என் வாய் கூப்பிடாது” என்று அன்றைக்கே கதவைச் சாத்தியவர். பிறகு தோட்டத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு எங்கே போனார் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. போன் எண்ணும் மாறிவிட்டது.

மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஈராஜ் கோட்டு இல்லாமல், சட்டைக் கையை மடித்துவிட்டபடி இறங்கி வந்து, மறுமுனை மளிகைக் கடையை நோக்கி வேகமாக நடந்தான். வாசலைச் சாத்தக்கூட இல்லை.

இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது. அவள் ஓடிப் படியேறினாள். ‘என் புருஷன்தான் கெடச்சானாடி உனக்கு?’ என்று கேட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் நடப்பது நடக்கட்டும்.

மேலேயும் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. கூடத்தில் புது மிஷின் பிரித்த பெட்டியோடு கிடந்தது. படுக்கையறையின் உள்பக்கத்து ஆணியில் அவனுடைய கறுப்புக் கோட்டு தொங்கியது. அதன் தோளிலும் கட்டிலின் கால்மாட்டிலும் வெள்ளைத் தூள்.

அவள் காலடி கேட்டு, கட்டிலில் யாரோ புரண்டு படுத்தார்கள். நீண்ட இருமல். அதற்குப் பின்னால் ஓர் ஆண்குரல். சின்ன வயதில் அவளைப் பேர் சொல்லி எழுப்பிய அதே குரல், கரகரத்துத் தேய்ந்து போயிருந்தது.

“வினிகர் கெடச்சுதா, மாப்ளே?”