ஏழு அறை டப்பா

"தினம் மாத்திரை முழுங்கறதுக்குப் பதிலா மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கட்டுமா? என் வேலை நிரந்தரமாகற வரைக்கும் குழந்தை வேணாங்க. மாத்திரைன்னா மறந்து மறந்து போகுது" என்றாள் என் மனைவி.

"ஊசிய நிறுத்தினாலும் குழந்தை தங்க நாளாகுமாம். மாத்திரையே போதும். மறக்காம நான் எடுத்துத் தரேன்."

நாளுக்கொரு அறையாக ஏழு அறை உள்ள டப்பாவை வாராவாரம் நானே நிரப்பினேன். தினமும் காலையில் தண்ணீரோடு நீட்டுவேன். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

"சரியா, இன்ஸ்பெக்டர் சார்?"

மூன்று வருடம் இப்படியே போயிற்று. போன மாதம் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் விசாரிக்க வந்த அவளுடைய தோழி, ஆஸ்பத்திரி நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மூணு மாசத்துக்கு ஒருதரம் ஊசிக்கு வருவா. அப்பதான் மனசு விட்டுப் பேசிப்போம்."

"ஊசியா? நான்தானே தினம் மாத்திரை கொடுத்தேன்!"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல் வாரமே ஒண்ணை எங்கிட்ட கொண்டுவந்து காட்டினா அண்ணா. அது கருத்தடை மாத்திரையே இல்ல, வெறும் சத்து மாத்திரை. 'போய்க் கேளுடி'ன்னேன். 'பிள்ளைக்கு ஏங்கறார். கேட்டா அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே கூசுவார், விடு'ன்னுட்டா."

அவள் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.