ராணி போன இடம்

“எல்லாக் காட்டையும் சலிச்சுட்டான் டீச்சர். ராணி கிடைக்கவே இல்ல. கதை அங்கேயே நிக்குது.”

சாது இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சாது என்பது வகுப்பில் மற்றவர்கள் வைத்த பெயர். காதோரம் நரைத்தவர். கடைசி நாற்காலியில் உட்கார்வார், யாரிடமும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

டீச்சருக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. தையல் கடைக்கு மேலே இந்த அறையைப் பிடித்து, மாயாஜாலக் கதை எழுதக் கற்றுத்தரப்படும் என்று போர்டு மாட்டிய புதிதில் உட்கார இடமில்லாமல் ஆள் வந்தது. இப்போது ஒரு தூறல் போட்டால் போதும், ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. அவள் எழுதிய நாவல்களோ கடைகளில் தூசி படிந்து கிடந்தன. ‘நீ சொல்லிக்குடுத்து எவன் கதை எழுதி முடிச்சான்?’ என்று வீட்டுக்காரர் காலையில்தான் கேட்டிருந்தார். அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மழையிலும் வந்திருக்கும் இந்த ஒரு மனிதரின் கதையையாவது இன்றைக்கு முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

மழைச்சாரலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “முதல்ல இருந்து சொல்லுங்க.”

“ஒரு அரக்க ராஜா. ராணி மனுஷி. குட்டி இளவரசியத் தூக்கிக்கிட்டு ராணி ஓடிப் போயிடுறா. அவன் எப்படியாவது கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்.”

“ஏன் ஓடினா?”

“அவனுக்குக் கோபம் வந்தா வாயில நெருப்பு வரும் டீச்சர். ஒரு நாள் ராணியோட கை வெந்து போச்சு.”

“அப்புறம் அவன் என்ன பண்ணான்?”

“அழுதான். கால்ல விழுந்து அழுதான். அவனுக்கு மட்டும் அவங்க ரெண்டு பேரை விட்டா யாரு இருக்கா?” சாதுவின் குரல் கம்மியது.

டீச்சர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வகுப்பில் மந்திரக்கோலும் பறக்கும் கம்பளமுமாக எழுதித் தள்ளினார்களே தவிர, தன் பாத்திரத்துக்காக ஒருத்தராவது கண் கலங்கியதுண்டா?

“இதைத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கறேன்,” என்றாள். “அரக்கனுக்கு எத்தனை தலைங்கறதா முக்கியம்? யாருக்கு யார் மேல பாசம், யார் முகத்துல முழிக்க யாருக்குக் கூச்சம், அதுதான் கதை. காட்டை விடுங்க, ராணி மனசுக்குள்ள தேடுங்க. அவளுக்கு யார் யார் இருக்காங்க?”

“அம்மா, அக்கா, ஒரு சிநேகிதி. எல்லார் வீட்டுலயும் பார்த்தாச்சு.”

“அவன் தேடி வர்ற இடத்துலயே போய் உட்கார அவ என்ன அசடா? அவளோட சண்டை போட்டுக்கிட்டுப் பேசாம இருக்கறவங்க யாராவது உண்டா?”

சாது தலையை நிமிர்த்தினார். “ஒரு சித்தி. இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சொன்னவங்க. ‘இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க’ன்னு ராணிதான் அவங்கள விரட்டிட்டா. அதோட பேச்சு வார்த்தையே இல்ல.”

டீச்சர் மேஜையைத் தட்டினாள். “அங்கதான் இருக்கா! ‘நீங்க சொன்னதுதான் சரி சித்தி’ன்னு போய் நின்னிருப்பா. அந்த அம்மாவும் ஏன் எதுக்குன்னு கேட்காம கதவைத் திறந்திருப்பாங்க. படிக்கிறவங்க அப்படியே நம்புவாங்க.”

“சித்தி,” என்றார் சாது மெதுவாக. “எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

“ஆனா அரக்கன் போய்க் கதவை இடிச்சான்னா கதை கெட்டுச்சு. குட்டி இளவரசிக்கு அவன்னா பிடிக்குமா?”

“உசுரு டீச்சர்.”

“அவ அரண்மனையில விட்டுட்டுப் போன சாமான் ஏதாவது?”

“ஒரு குதிரை. நீலத் துணியில தைச்சது. பல்லு முளைக்கிறப்ப அதோட இடது காதை அவ கடிச்சே பிச்சுட்டா.”

“அடடா! எங்கிருந்துய்யா பிடிக்கிறீங்க இதையெல்லாம்?” டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். “அந்தக் குதிரை போதும். அவன் நெருப்பைக் கக்க வேண்டாம், கதவைத் தட்டவும் வேண்டாம். சித்தி வெளியில போற நேரம் பார்த்து, குதிரைய வாசல்ல வெச்சுட்டு ஒதுங்கி நிக்கட்டும். குழந்தை தானா கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வரும்.”

“குழந்தை கைக்கு வந்துட்டா, ராணி தன்னால பின்னாடியே வந்துடுவா,” என்றார் சாது.

“சபாஷ்! இன்னிக்கே உட்கார்ந்து எழுதிடுங்க. முடிவு எப்படி வந்துச்சுன்னு எனக்குக் கண்டிப்பா சொல்லணும்.”

சாது எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். “இந்த உதவிய உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன் டீச்சர்.” மறுபடி உட்காரவில்லை, விறுவிறுவென்று படி இறங்கிவிட்டார்.

டீச்சருக்கு மனசு நிறைந்துபோயிற்று. வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும், இன்றைக்கு ஒரு கதை முடிந்தது என்று. நாற்காலிகளை ஒதுக்கும்போதுதான் கவனித்தாள், மனிதர் அவசரத்தில் குடையை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

“சார்! குடை!” என்று ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள். கீழே சாது ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

ஸ்கூட்டரின் முன்பக்கம், சின்னப் பிள்ளைகளை நிற்கவைக்கும் இடத்தில், நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் பை சுற்றிய ஒரு நீலத் துணிக் குதிரை உட்கார்ந்திருந்தது. அதற்கு இடது காது இல்லை.