நைல் செங்கடலில் கலக்கிறது

வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர்கள்தான் அப்படி வருவார்கள். கட்டிலில் கிடந்த அப்துல் மக்ஸூத் அதனாலேயே உஷாரானார்.

கையில் பழுப்பு நிறத் தோல்பை. பதிவேடும் மைப்பெட்டியும் அதற்குள்தான் இருக்கும்.

“அஸ்ஸலாமு அலைக்கும், ஹாஜி.”

அப்துல் மக்ஸூத் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம் மகன் ராஃபத்தின் காராக ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் அலெக்சாந்திரியாவில் நரைத்த தலையெல்லாம் ஹாஜிதான்.

ரமலானில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவருடைய உலகம் கட்டில் அளவு. காலமெல்லாம் பூகோளம் நடத்தியவருக்கு அது ரொம்பச் சின்ன நாடு. ஓய்வூதிய அட்டை ‘பத்திரமாக’ ராஃபத்திடம் இருந்தது. இறந்துபோன மனைவியின் வளையல்களை மருமகள் நஹ்லா பாலிஷ் போடக் கொண்டுபோனாள். அவை இன்னும் கடையிலேயே பளபளத்துக்கொண்டிருக்கின்றன போலும்.

மிச்சம் இந்த வீடு. கடல் தெரியும் வீடு. வாங்கும் ஆள் தயார். இவருக்கு ஊருக்கு வெளியே முதியோர் இல்லத்தில் இடமும் பார்த்தாகிவிட்டது. இவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“பவர் எழுதிக் குடுத்துடுங்க பாபா. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?” என்று போன வாரம் ராஃபத் கேட்டான்.

கட்டிலில் கிடப்பவனுக்கு என்னடா அலைச்சல் என்று அவர் கேட்கவில்லை. காது கேட்காததுபோல் இருந்துவிட்டார். நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் நஹ்லாவின் குரல் கேட்டது: “சர்க்கார் ஆளு நாளைக்கு வீட்டுக்கே வர்றாராம்.”

முடியாது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்ன பிறகு சாயங்காலம் பெட்பேன் எடுத்துவர வேண்டியவனும் அதே ராஃபத்.

நண்பர் ஷஹாதாவுக்குப் போன் போட்டார். ஷஹாதா பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“சட்டம் உம்ம பக்கம்யா. கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி புத்தி தெளிவா இருக்கான்னு நாலு கேள்வி கேப்பாங்க. தப்புத்தப்பா உளறும். பதிவேட்டை மூடிட்டுப் போயிட்டே இருப்பான். உளறதுக்கு உமக்கு நான் சொல்லித்தரணுமா என்ன?”

இதோ, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி உட்கார்ந்துவிட்டது.

“இன்னைக்கு என்ன கிழமை, ஹாஜி?”

“பெருநாள்.”

கை நடுங்கியது. போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். நடுங்கினால் இன்னும் நல்லதுதானே என்று பிறகு தோன்றி, வெளியே எடுத்தார். வெளியே எடுத்ததும் அது தேவைக்கு மேல் நடுங்கியது.

“இவர் யாருன்னு சொல்லுங்க?” வந்தவர் ராஃபத்தைக் காட்டினார்.

“கேஸ்காரன். சிலிண்டரைத் தூக்கிட்டுப் போவான். திருப்பிக் கொண்டாரவே மாட்டான்.”

ராஃபத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவனோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். வீடு கைநழுவுகிறதே என்ற அழுகை என்று நினைத்துக்கொண்டார். ஆனால் நஹ்லா ஏன் வந்தவரின் தேநீரில் கேட்காமலே இன்னொரு கரண்டி சர்க்கரை போடுகிறாள்?

“நீங்க பூகோள வாத்தியாராமே. நைல் எந்தக் கடல்ல போய்ச் சேருது?”

அநியாயமான கேள்வி. இதற்குத் தவறான விடை சொன்ன குற்றத்துக்காக இரண்டு தலைமுறையின் உள்ளங்கைகளைச் சிவக்கவைத்தவர் அவர். ஜன்னலுக்கு வெளியே அந்தக் கடலே விடையைக் கத்திக்கொண்டிருந்தது.

“செங்கடல்,” என்றார்.

நாக்கு கூசியது. பாடம் நடத்திய காலம் முழுவதும் சேர்த்தாலும் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

வந்தவர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பையைத் திறந்தார். அப்துல் மக்ஸூத் இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டார்.

பையிலிருந்து வந்தது ஒரு சின்ன ரப்பர் சுத்தியல்.

நல்ல காலின் முழங்காலுக்குக் கீழே அதனால் மெல்லத் தட்டினார். கால் துள்ளியது. அந்த அறையில் அதுவரை உண்மை பேசியது அது ஒன்றுதான்.

அடுத்து ஸ்டெதஸ்கோப் வந்தது. பதிவேடு வரவில்லை. மைப்பெட்டியும் வரவில்லை.

“யாருடா இவரு?” அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“கோர்ட்டு அனுப்பின டாக்டர், பாபா.” ராஃபத் குனிந்து நெற்றியில் முத்தமிட்டான். உதடுகள் சில்லென்று இருந்தன.

“மத்தியதரைக் கடல்!” என்று அப்துல் மக்ஸூத் கத்தினார். “ரெண்டு கிளையாப் பிரிஞ்சு போய்ச் சேருது! ரஷீத் ஒண்ணு, தும்யாத் ஒண்ணு! இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை! இவன் ராஃபத்! இவன் என் மகன்! நான் பெத்த மகன்!”

“இப்படித்தான் டாக்டர்,” என்றாள் நஹ்லா, தலையணையைச் சரிசெய்தபடி. “நடுநடுவுல தெளிஞ்ச மாதிரி பேசுவாரு. அப்பத்தான் ரொம்பக் கத்துவாரு.”

டாக்டர் அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். சுத்தமான, இதமான கை.

“பயப்படாதீங்க, ஹாஜி. வயசானவங்களை ஏமாத்தறதுக்குன்னே ஊர்ல ஆளுங்க அலையறாங்க. அதுக்குத்தானே கோர்ட்டு இருக்கு? இனிமே யாரும் உங்ககிட்ட கையெழுத்து வாங்கி இந்த வீட்டை எடுத்துக்க முடியாது. உங்க கையெழுத்தே செல்லாது. எல்லாத்தையும் உங்க மகன் பாத்துக்குவாரு.”