சோளத்தக்கை

"நல்ல கருநீலமா கீது, பாரு பாப்பா," என்றபடி செங்கம்மாள் இடுப்பிலிருந்த கேனை ஆராய்ச்சிக்கூட மேசைமேல் இறக்கினாள். மூடி தொலைந்துபோன கேன். தின்றுபோட்ட மக்காச்சோளக் கட்டையில் சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றித் தக்கையாக அடைத்திருந்தாள்.

மாணவி சஹானா ஒரு குவளை ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "போன வாரத்தைவிட சூப்பரா இருக்கும்மா."

செங்கம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ரெண்டு வருசமாக அவளுடைய கீரைப் பாத்திக்கு வரும் வாய்க்கால் நீலமாக ஓடுகிறது. பிடுங்கினால் வேரெல்லாம் நீலம். செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஒரு கட்டு போகவில்லை. இந்தத் தடவையும் விளையாவிட்டால் நிலத்தை பிளாட் போடுகிறவனுக்குக் கொடுத்துவிடுவதாகப் புருசன் சொல்லிவிட்டான். மேட்டுமேல் இருக்கிற காலேஜில் அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணுகிறார்களாம் என்று கேள்விப்பட்டுத்தான் வாராவாரம் மூச்சிரைக்க ஏறி வருகிறாள்.

சஹானாவுக்கு அவள் தெய்வமாக வந்து சேர்ந்தவள். கடைச் சாயத்தைக் கரைத்துச் செய்த சோதனை செல்லாது, நிஜமாகவே கெட்டுப்போன தண்ணி வேண்டும் என்று அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

செங்கம்மாள் வரப்பிலிருந்து பறித்து வந்த துத்தி இலைதான் தண்ணியைச் சுத்தம் பண்ணும் மருந்துக்கும். அதைக் காய்ச்சிய சாற்றில் வெள்ளி உப்பைக் கலந்ததும் காப்பி நிறமானது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித்தூள் இருக்கிறது என்றாள் சஹானா. அதில் கொஞ்சம் நீலத்தண்ணீரில் விட்டு வெயிலில் வைத்தாள். இருவரும் சோறு தின்று வருவதற்குள் தண்ணீர் பளிங்காகிவிட்டது.

செங்கம்மாள் குவளையைக் கையில் வாங்கி, வைக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இத்த அப்படியே வாய்க்கால்ல வுட முடியாதா பாப்பா?"

"முதல்ல கட்டுரை வரட்டும்மா. அப்புறம் எந்தக் கம்பெனிக்காரன் சாயத்தை விடறான்னு கண்டுபிடிச்சு ஒரு வழி பண்ணிடலாம்."

"அவன் கை வெளங்குமா? என் பொழப்புல மண்ணப் போட்ட பாவி."

"விளங்கவே விளங்காதும்மா," என்று சஹானா மனசாரச் சொன்னாள். பிறகு உதவியாள் ஆனந்தனைக் கூப்பிட்டு, மேசையைக் காலி பண்ணி, அம்மா கேனையும் கொட்டிக் கழுவிக் கொடுக்கச் சொன்னாள். சோதனைக்கென்று நாற்பது மாணவர்கள் கரைத்து மிச்சம் வைத்த சாயத்தையும் கேனையும் அள்ளிக்கொண்டு ஆனந்தன் பின்பக்கம் போனான். திரும்பி வந்து வெறும் கேனை நீட்டினான்.

"தக்கை தண்ணியோட பூடுச்சு யக்கா. வேற செஞ்சுக்க."

போனால் போகிறது என்று செங்கம்மாள் மேடிறங்கினாள். வெயிலில் நின்று நின்று நடந்து பாத்திக்கு வந்து, முகம் கழுவ வாய்க்காலில் குனிந்தாள்.

புதுசாக ஒரு நீலம் பாய்ந்து வந்தது. அதன்மேல் சிவப்பு ரவிக்கைத் துணி சுற்றிய சோளக்கட்டை ஒன்று ஆடி ஆடி அவளிடமே வந்துகொண்டிருந்தது.