தொட்டுப் பார்த்து வாங்கியது

“இது எவ்வளவு சூடாகும் தம்பி?”

தஞ்சாவூரில் பரிதியின் ஆடியோ கடைக்குள் நுழைந்ததும் சாஜிதா கேட்ட முதல் கேள்வியே இதுதான். பக்கத்தில் நின்ற அவள் கணவர் சித்தீக் அவசரமாக அவள் முகத்தைப் பார்த்தார்.

கத்தார் வேலையை விட்டு வரும்போது ஆசை ஆசையாய் அவர் கொண்டுவந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர், அய்யம்பேட்டை வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஊமையாய் நிற்கிறது. அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் இன்னும் அமையவில்லை. “இந்த ரெண்டு பீரோவும் எப்பத்தான் வாயைத் தொறக்கும்?” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள் சாஜிதா. ரோஷத்தில் ஒருநாள், “நீ கைகாட்டுற ஆம்ப்ளிஃபயரைத்தான் வாங்குவேன். எதுவுமே வேணாம்னியா, ஸ்பீக்கரையே வித்துடறேன், போ!” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாக்குதான் இன்றைக்கு இருவரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அதற்கு இந்த நாளா அமைய வேண்டும்? காலையில்தான் அவள் செல்லமாய் வளர்த்த கோழியைக் கீரி கடித்துப் போட்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழியிலிருந்த எலெக்ட்ரிகல் கடைகளில் ஏறி ஏறி, “பழைய குண்டு பல்பு இருக்கா?” என்று கேட்டாள். “இப்ப எல்லாம் எல்.இ.டி.தாம்மா” என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கடுப்பும் சேர்ந்துகொண்டது.

“சூடா? இது சூடே ஆகாதுக்கா,” என்றான் பரிதி பெருமையாக. “நாள் பூரா பாடினாலும் ஐஸ் மாதிரி இருக்கும். கரண்ட்டும் மிச்சம்.”

சாஜிதா அந்த ஆம்ப்ளிஃபயரின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

“செத்த மய்யித்து மாதிரி சில்லுனு இருக்கு. வேணாம்.”

சித்தீக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிக்கனமான இதற்கே இந்தக் கதி என்றால், கரண்ட் குடிக்கும் மற்றதையெல்லாம் எப்படி ஏற்பாள்?

“அப்ப இந்த வால்வு செட்டைப் பாருங்க.” அடுத்ததைப் போட்டான் பரிதி. மேலே வரிசையாய் நின்ற கண்ணாடிக் குமிழ்கள் பொன்னிறமாய் எரிந்தன.

“அட, குண்டு பல்பு!” அன்றைக்கு முதல்முறையாகச் சாஜிதாவின் முகம் தெளிந்தது. கையை நீட்டினாள்.

“தொடாதீங்கக்கா, பொசுக்கிடும்!”

“ஆத்தாடி, இதுல வெந்துல்ல போயிடும்!” வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். “இதுவும் வேணாம்.”

“பாயோட ஸ்பீக்கருக்கு இது தாங்கவும் தாங்காதுக்கா.”

மிச்சமிருந்தது, மூலையில் கறுப்பாய், கனமாய் உட்கார்ந்திருந்த ஒன்று. சித்தீக் கனவில் கண்டதும் அதைத்தான். ஆனால் காட்டப் பயம். “அது இருக்கட்டும் தம்பி, உங்க அக்காவுக்குச் சரிப்படாது” என்று கண்ணைக் காட்டினார்.

பரிதிக்கு அது புரியவில்லை. “பொருத்தம்னா இதுதான் பாய்! உங்க ஸ்பீக்கர் கேக்குற கரண்ட்டுக்கு இதுதான் ஈடு குடுக்கும். ஒரே குறை, இது கிளாஸ்-ஏ. பாடினாலும் பாடாட்டியும் போட்டு வெச்சா சூடா இருந்துக்கிட்டே இருக்கும். சூடு ஏறினாத்தான் நல்லாவும் பாடும்.”

“ஏறிக்கிட்டே போயிடுமா?” என்றாள் சாஜிதா.

“ஒரு அளவுக்கு வந்து அப்படியே நிக்கும்கா.”

அவள் கையை வைத்தாள். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல வெகுநேரம் வைத்திருந்தாள். சித்தீக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரை யாருக்கு விற்பது என்று ஆள்கூட யோசித்துவிட்டார்.

“இதையே போடுங்க தம்பி. இன்னிக்கே, இப்பவே வீட்டுக்கு வந்துடணும்.”

“பாட்டே கேக்கலியேக்கா?”

“பாட்டு அவரு கேட்டுக்குவாரு.”

அவள் மனம் மாறுமுன் சித்தீக் பணத்தை எண்ணி வைத்தார். வாடகைக் காரில் போகும் வழியெல்லாம் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டில் ‘பீரோ’க்கள் வாயைத் திறந்தன. அதைவிட அதிசயம் சாஜிதாதான். “அணைக்காதீங்க, சூடு ஆறிடப் போவுது” என்பாள். கரண்ட் போனால், “இதை மொதல்ல இன்வெர்ட்டர்ல மாட்டுங்க” என்று ஓடிவருவாள். ஆம்ப்ளிஃபயருக்கு மேலே இருந்த கம்பித் தட்டில் தன் பூத்தையல் துணிக்கூடையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். அடிக்கடி வந்து, கூடைக்குள் கைவிட்டு எதையோ புரட்டியபடி நின்று போவாள். பாட்டு கேட்க அது ஒரு சாக்கு என்று சித்தீக் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

நாலாம் நாள் மாலை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் அந்த அமைதியில், ‘கீச்’ என்றது.

நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும், ‘கீச்... கீச்.’

பொருளில் கோளாறு என்று தெரிந்தால் சாஜிதா அத்தனையையும் வாரித் தெருவில் வைத்துவிடுவாள். பரிதிக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தார்.

“தம்பி, கீச்சு கீச்சுங்குது. அவ காதுல விழறதுக்குள்ள ஏதாவது வழி சொல்லுங்க!”

“பதறாதீங்க பாய். மொதல்ல ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க. சத்தம் நின்னுட்டா மாத்திக் குடுத்துடறேன்.”

அவர் விரல் சுவிட்சுக்குப் போகவும், கரண்டியும் கையுமாய் அடுப்படியிலிருந்து சாஜிதா ஓடிவரவும் சரியாக இருந்தது. காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். முகம் பூவாய் மலர்ந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று கூடைத் துணியை விலக்கினாள். “கையை எடுங்க அந்தச் சுவிட்சுலேருந்து! பதினேழு நாள் அடைகாத்த தாய்க்கோழிக்குப் பதிலா இப்ப இதுதானே அடைகாக்குது, இன்னும் ஏழு முட்டை பொரியணும்!”